மேஜிக் ஷோ வைக்கப் போறீங்களா? கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா என்று மேஜிக் நிகழ்ச்சிக்கு ஆள் தேடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். நல்ல கலைஞரைப் பிடித்தாலும், வீட்டார் தரும் இடமும் நேரமும் சரியில்லை என்றால் ஷோ எடுபடாது. அதனால் கலைஞரைத் தேடுவதைவிட ஏற்பாட்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும்.

மேஜிக் ஷோன்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே? அதுல என்னங்க வகை?

நான்கைந்து வகை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு வேறு. துணி, வளையம், கயிறு, சிறு பெட்டிகள் வைத்து ஐம்பது பேரிலிருந்து ஐந்நூறு பேர் வரை காட்டுவது மேடை மேஜிக். ஆளைப் பெட்டிக்குள் மறைப்பது, அந்தரத்தில் மிதக்க விடுவது எல்லாம் இல்யூஷன். அதற்கு இரண்டு மூன்று உதவியாளர்கள் வேண்டும், சாமான் ஏற்றிவரக் குட்டி யானை வண்டி வேண்டும், பெட்டிகளைப் பூட்டி நிறுத்தவே இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும்.

சீட்டு, காசு, ரப்பர் பேண்ட், மோதிரம் வைத்து நம் கைக்கு எட்டும் தூரத்தில் நின்று செய்வது க்ளோஸ்-அப். சந்தையில் மூன்று கிண்ணமும் பந்துமாகக் காட்டுவார்களே செப்பிடு வித்தை, அது இந்த வகைக்கு மூத்தது. நினைத்த எண்ணை, பெயரைச் சொல்வது மென்டலிசம். குழந்தைகள் மேஜிக் தனி வகை: வித்தை எளிதாக இருக்கும், பேச்சும் விளையாட்டும்தான் அதன் உயிர். பேசும் பொம்மை, கைநிழல், பலூன் உருவம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். போன் செய்ததும் "நீங்க எந்த வகை பண்றீங்க?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். எல்லாம் செய்வேன் என்பவரிடம், கடைசியாகச் செய்த மூன்று நிகழ்ச்சிகள் எந்த வகை என்று கேளுங்கள்.

எத்தனை நேரம் வெச்சா போதுமுங்க?

குழந்தைகள் மட்டும் என்றால் 30 முதல் 40 நிமிடம். குடும்பத்தோடு பார்க்கும் மேடை நிகழ்ச்சிக்கு 45 நிமிடம், மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரம். "ரெண்டு மணி நேரம் பண்ணுங்க, பணம் சேர்த்துத் தர்றோம்" என்று கேட்பவர்கள் உண்டு. உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் அவ்வளவு நேரம் தாங்காது.

க்ளோஸ்-அப் கணக்கு வேறு. ஒரு மேசைக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம், நகர்ந்து போக ஒன்றிரண்டு நிமிடம். இரண்டு மணி நேரத்தில் பதினான்கு, பதினைந்து மேசை பார்க்கலாம். மேசைக்கு எட்டுப் பேர் என்றால் சுமார் 120 பேர். ஆயிரம் பேர் வரும் கல்யாணத்துக்கு ஒருவரை மட்டும் அழைத்துவிட்டு, பாதிப் பேர் பார்க்கவே இல்லை என்று அவரைக் குறை சொல்லக் கூடாது.

ஒருத்தர் சொல்ற ரேட்டுக்கும் இன்னொருத்தர் சொல்றதுக்கும் ஏணி வெச்சாலும் எட்ட மாட்டேங்குதே, ஏனுங்க?

இரண்டு பேரும் ஒரே நிகழ்ச்சிக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். உதவியாளர் எத்தனை பேர், வண்டி வாடகை சேர்த்தா, மைக் செட் யாருடையது, எத்தனை நிமிடம், முகூர்த்த நாளா சாதாரண நாளா, இடையில் ஏற்பாட்டாளர் யாராவது இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத் தொகை ஏறும் இறங்கும். இதே கேள்விகளை எல்லோரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். குறைவாகச் சொன்னவர் மைக்கையும் வண்டியையும் உங்கள் தலையில் வைத்திருப்பார்; கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

அறுபது பேர் வரும் வீட்டு விசேஷத்துக்கு இல்யூஷன் பெட்டி வீண் செலவு. அதே பணத்தில் நல்ல க்ளோஸ்-அப் கலைஞரை அழைத்தால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வித்தை நடக்கும். கூட்டம் எவ்வளவு, இடம் எவ்வளவு என்று பார்த்து வகையை முடிவு செய்த பிறகு பேரம் பேசுங்கள்.

எத்தனை நாளைக்கு முன்னாடி சொல்லி வெக்கோணும்?

வைகாசி, ஆவணி, தை மாத முகூர்த்த நாள் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே. நவம்பர் 14 குழந்தைகள் தினத்தை ஒட்டிப் பள்ளிகள் பிடித்துக்கொள்ளும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பள்ளி ஆண்டு விழாக்களும் கம்பெனி விழாக்களும் சேர்ந்து வரும். ஆடியில் கல்யாணம் இல்லாததால் தேதி சுலபமாகக் கிடைக்கும். பிறந்தநாள், பள்ளி நிகழ்ச்சிக்கு அப்போது நிதானமாகப் பேசி முடிக்கலாம்.

யூட்யூப், இன்ஸ்டா வீடியோ பாத்து புக் பண்ணலாமுங்களா?

அதை மட்டும் நம்ப வேண்டாம். முப்பது வினாடி ரீல்ஸில் வெட்டி ஒட்டியதும் கைத்திறனும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெட்டாத ஐந்து நிமிட வீடியோ ஒன்று கேளுங்கள்; கூட்டமும் அதில் தெரிய வேண்டும். வித்தையைவிட, பார்ப்பவர்களின் முகத்தைக் கவனியுங்கள். மேடைக்கு வந்த குழந்தையை எப்படிப் பேசவைக்கிறார், கேலி செய்து சிரிக்க வைக்கிறாரா, மரியாதையாக நடத்துகிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். குழந்தையைக் கூனிக் குறுக வைத்துச் சிரிப்பு வாங்குபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வேண்டாம்.

சமீபத்தில் நிகழ்ச்சி வைத்த இரண்டு வீட்டாரின் எண்ணை வாங்கிப் பேசுங்கள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "சொன்ன நேரத்துக்கு வந்தாரா, கடைசியில் கூடுதலாகப் பணம் கேட்டாரா?" என்று கேளுங்கள்.

பொறந்தநாளுக்கு கேக் வெட்டறதுக்கு முன்னாடி வெக்கறதா, பின்னாடியா?

முன்னாடி. கேக் வெட்டியதும் குழந்தைகளின் கவனம் சாப்பாட்டுக்கும் பரிசுப் பைக்கும் போய்விடும். ஆறு மணிக்கு அழைப்பு என்றால் ஆறரைக்கு ஷோ, ஏழேகாலுக்கு கேக், அதன் பிறகு சாப்பாடு. ரிட்டர்ன் கிஃப்ட் வாசலில் கிளம்பும்போது கொடுங்கள். ஊதல், விளக்கெரியும் பொம்மை அதில் இருந்து ஷோவுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டால், அப்புறம் யார் வந்தாலும் கூட்டத்தை அடக்க முடியாது.

குழந்தைகளை ஜமக்காளம் விரித்து முன்னால் உட்கார வையுங்கள். கலைஞருக்கும் முதல் வரிசைக்கும் ஆறடி இடைவெளி விட்டுத் தரையில் ஒரு டேப் ஒட்டிவிட்டால், பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டுவது குறையும். பெரியவர்கள் பின்னால் நாற்காலியில். வீட்டுப் பெரியவர் ஒருவர் குழந்தைகள் பக்கத்திலேயே உட்கார வேண்டும். பிள்ளைகளை அடக்குவது கலைஞர் வேலை ஆகிவிட்டால் அவர் வித்தை செய்வது எப்போது?

பையனுக்கு மொதப் பொறந்தநாளுங்க. மேஜிக் வெக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அது வரும் விருந்தாளிகளுக்கான ஷோ என்று நினைத்து வையுங்கள். நான்கு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு, பொருள் காணாமல் போவது அதிசயமாகப் படாது. திடீர்ச் சத்தம், முகமூடி, புகை எல்லாம் பயமுறுத்தும். பிறந்தநாள் குழந்தையைத் தனியாக மேடையில் நிறுத்தாமல் அம்மா மடியிலோ அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கையிலோ வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு பொம்மையோ பூவோ வரவழைத்துக் கொடுக்கச் சொன்னால் போதும். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிக் கலைஞரிடம் சொல்லுங்கள். அவர் எந்தெந்த வித்தையை எடுத்து வருவது என்பது அந்த எண்ணிக்கையில்தான் முடிவாகும்.

கண்ணாலத்துல எந்த நேரத்துல வெச்சா எடுபடும்?

முதல் நாள் மாலை வரவேற்பில். காலையில் முகூர்த்தமும் சீர்களும் நடக்கும் நேரத்தில் மேஜிக்குக்கு இடமே இல்லை. கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொரு மைக் பேசக் கூடாது.

வரவேற்பிலும் மேடையை நம்ப வேண்டாம். மணமக்களோடு படம் எடுக்க நிற்கும் வரிசை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரை வரை முடியாது. "வரிசை முடிஞ்சதும் ஷோ" என்று சொன்னால் கலைஞர் மூன்று மணி நேரம் காத்திருப்பார், கடைசியில் பார்க்க ஆள் இருக்காது. மூன்று வழிகள் நன்றாக வேலை செய்யும். மண்டபத்தின் பக்க ஹாலில் குழந்தைகளுக்கு ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் 25 நிமிட ஷோ இரண்டு. அல்லது வரிசையில் நிற்பவர்களிடமே க்ளோஸ்-அப். சலித்துப்போய் நிற்கும் கூட்டம் என்பதால் இது மிக நன்றாக எடுபடும். அல்லது கூட்டம் குறைந்த பிறகு இரண்டு வீட்டாருக்கும் மட்டும் அரை மணி நேரம்.

பந்தியில சாப்பிடறவிககிட்ட போய் மேஜிக் காட்டச் சொல்லலாமுங்களா?

வேண்டாம். இலை முன்னால் உட்கார்ந்தவருக்கு வலது கை ஓயாது, பரிமாறுபவர்கள் வரிசையில் வருவார்கள், பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பஃபே என்றால் சாப்பிட்டு முடித்து ஐஸ்கிரீம், பீடா வாங்கும் இடத்தில் கலைஞரை நிறுத்தலாம். அங்கே ஆள் கொஞ்சம் நின்று பேசுவார், கையும் கழுவியிருக்கும்.

எங்க அமுச்சி "நல்ல காரியத்துல கண்கட்டு வித்தையா"ன்னு வேண்டாங்கறாங்க. என்ன பண்றதுங்க?

அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைக் கலைஞரிடம் அப்படியே சொல்லுங்கள். கல்யாண வீட்டில் கயிற்றை வெட்டி ஒட்டும் வித்தை வேண்டாம். மஞ்சள் கயிற்றை நினைத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆளை அறுப்பது, கத்தி செருகுவது, கண்ணாடி உடைப்பது, எரியும் விளக்கை அணைப்பது, மேடை முழுக்கக் கறுப்புத் திரை கட்டுவது எதுவும் வேண்டாம். சீட்டுக்கட்டு சூதாட்டத்தை நினைவுபடுத்தும் என்று சில வீடுகளில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தாலி, மணமக்கள் மோதிரம், சீர்ப் பொருள் எதையும் வித்தைக்கு வாங்கக் கூடாது. மொய் எழுதும் மேசைப் பக்கம் ரூபாய் நோட்டு வித்தையும் ஆகாது. பூ வரவழைப்பது, வெறும் தட்டில் இனிப்பு நிறைவது, கோத்துக்கொள்ளும் வளையங்கள், நிறம் மாறும் பட்டுத்துணி என்று மங்கலமான வித்தைகளே நிறைய இருக்கின்றன.

அறுக்கும் வித்தை பார்ப்பவர்களை எவ்வளவு தூரம் உலுக்கும் என்பதற்கு நடந்த கதையே இருக்கிறது. 1956 ஏப்ரலில் வங்காளத்து மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் லண்டனில் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அந்தப் பெண் எழுந்து நிற்பதைக் காட்டுவதற்குள் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது. உண்மையிலேயே செத்துவிட்டாள் என்று நினைத்துப் பார்த்தவர்கள் பிபிசிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். அது தொலைக்காட்சி. உங்கள் மண்டபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பது அமுச்சி.

மண்டபத்துல நாங்க என்ன ஏற்பாடு பண்ணித் தரோணும்?

முதலில் பார்க்கும் கோணம். கலைஞர் நிற்கும் இடத்திலிருந்து இடது வலது இரண்டு பக்கமும் 45 பாகைக்குள் எல்லோரும் உட்கார வேண்டும். பின்னாலோ பக்கவாட்டிலோ ஆள் நின்றால் பாதி வித்தைகளைச் செய்யவே முடியாது. மேடை ஓரத்தில் சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்காரும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. ஷோ நேரத்தில் அவர்களைக் கீழே உட்காரச் சொல்ல வீட்டு ஆள் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கலைஞர் சொன்னால் மனத்தாங்கல் வரும்.

மேடை மேஜிக்குக் குறைந்தது 12 அடி அகலம், 8 அடி ஆழம் காலியாக வேண்டும். மேடையில் சோபாவும் பூ அலங்காரமும் இடத்தை அடைத்திருந்தால் கீழே இரண்டடி உயரத்தில் தனி மேடை போடுங்கள். எட்டு வரிசைக்கு மேல் ஆள் உட்கார்ந்தால் தரையில் நின்று செய்வது பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. பின்னால் எல்இடி திரை இருந்தால் அசையாத, இருண்ட படம் போடச் சொல்லுங்கள். பளீரென்று ஓடும் வீடியோவுக்கு முன்னால் நிற்பவர் முகம் கறுத்துவிடும், மெல்லிய துணி ஊடுருவித் தெரியும்.

இரண்டு கையும் வேலை செய்வதால் கையில் பிடிக்கும் மைக் உதவாது. தலையில் மாட்டும் மைக் வேண்டும், மாற்று பேட்டரியோடு. மேடைக்கு வரும் குழந்தை பேச இன்னொரு கை மைக். பாட்டுக் கச்சேரிக்காரர்களின் ஒலி அமைப்பையே பயன்படுத்துவதாக இருந்தால் அவர்களிடம் முன்னாடியே பேசி, ஆபரேட்டர் பெயரையும் எண்ணையும் கலைஞருக்குக் கொடுங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்து "நீங்க யாருங்க?" என்று இரண்டு தரப்பும் கேட்டுக்கொள்ளும் நிலைமை அடிக்கடி வருகிறது. கரண்டு போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில வினாடி இருட்டையும் கலைஞரிடம் சொல்லி வையுங்கள்.

தோட்டத்துல, புல்வெளியில வெச்சா நல்லா இருக்குமுங்களா?

மாதத்தைப் பாருங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் அடிக்கும். அங்கே காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். சீட்டு பறக்கும், பட்டுத்துணி திரும்பிக்கொள்ளும், பேப்பர் வித்தை, பலூன், மெழுகுவத்தி எதுவும் நிற்காது. ஆடிக் காத்துல அம்மியே நகரும் என்னும்போது கைக்குட்டை எம்மாத்திரம்?

வைத்தே ஆக வேண்டும் என்றால் காற்று வரும் மேற்குப் பக்கத்தில் மேடையின் பின் திரையை நிறுத்தி, கம்பத்தை இறுக்கிக் கட்டுங்கள். ஆனால் அப்படிச் செய்தால் சாயங்கால வெயில் பார்ப்பவர் கண்ணில் நேராக அடிக்கும். அந்த மாதங்களில் சூரியன் மறைய ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகும் என்பதால் ஏழு மணிக்குத் தொடங்குவது சரி. வளையம், கிண்ணம், காசு, கயிறு மாதிரி கனமான பொருள் வித்தைகளை எடுத்து வரச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு மாற்று இடம் இல்லாமல் வெளியில் வைக்கவே வேண்டாம்.

ஊர் நோம்பிக்கு வெக்கறோமுங்க. கூட்டம் நாலு பக்கமும் நிக்குமே?

ஊர்த் திருவிழா என்றால் புக் செய்யும்போதே "நாலு பக்கமும் ஆள் நிப்பாங்க" என்று சொல்லிவிடுங்கள். சுற்றி ஆள் நின்றாலும் செய்யக்கூடிய வித்தைகள் இருக்கின்றன, ஆனால் அவை வேறு பெட்டியில் இருக்கும். முடிந்தால் ஒரு பக்கம் கோயில் சுவரையோ லாரியையோ வைத்துக் கூட்டத்தை மூன்று பக்கமாக்குங்கள். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. கும்மி, கச்சேரி எல்லாம் முடிந்து கடைசியில் மேஜிக் என்று வைத்தால் மைக் இல்லாமல்தான் நடத்த வேண்டியிருக்கும்.

நெருப்பு வர்றது, புகை வர்றது எல்லாம் சேத்துப் பண்ணச் சொல்லலாமா?

இடத்தைப் பொறுத்தது. கையில் பளிச்சென்று எரிந்து சாம்பலே இல்லாமல் போகும் காகிதம் நைட்ரோசெல்லுலோஸ்; கண்ணிமைக்கும் நேரத்தில் எரிவது அது. துணிப் பந்தல், தென்னங்கீற்று, தெர்மாகோல் அலங்காரம் இருக்கும் இடத்தில் அது வேண்டாம். பனியன் கம்பெனி, நூல் மில் வளாகத்துக்குள் ஷோ என்றால் நெருப்பு அறவே கூடாது. பஞ்சுத் துகள் படிந்த இடத்தில் ஒரு பொறி போதும்.

இன்னொன்று மிக முக்கியம். பிறந்தநாள் அலங்காரத்துக்குக் கட்டும் கேஸ் பலூனில் ஹீலியம் நிரப்பியிருந்தால் பயமில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று ஹைட்ரஜன் நிரப்பித் தருபவர்களும் உண்டு. அது தீப்பொறி பட்டால் வெடித்துத் தீப்பிடிக்கும், பக்கத்தில் நிற்கும் குழந்தைகளின் முகமும் கையும் வெந்துவிடும். பலூன்காரரிடம் எந்த கேஸ் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் பலூனை விடுங்கள், அல்லது மெழுகுவத்தி, மத்தாப்பு, நெருப்பு வித்தை எல்லாவற்றையும் விடுங்கள். ஏசி மண்டபத்தில் புகைக் கருவி போட்டால் தீ எச்சரிக்கை மணி அடிக்கலாம். மேலாளரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். வண்ணக் காகிதத் தூள் கிரானைட் தரையில் வழுக்கும். பட்டுப்புடவையும் செருப்பில்லாத காலுமாக நடப்பவர்கள் இருக்கும் இடத்தில் அதுவும் தேவையில்லை.

புறா, முயல் வரவழைப்பாங்களே, அது வேணுமுங்க. கொழந்தைக ஆசைப்படுதுக.

நிகழ்ச்சியில் காட்டும் விலங்கு, பறவைகளை 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கான விதிகள் 2001-இல் வந்தவை. கலைஞரிடம் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பச்சைக்கிளி, பாம்பு போன்றவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, பேச்சுக்கே இடமில்லை. குரங்கைக் காட்டுவதற்கும் தடை இருக்கிறது.

சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், சித்திரை வெயிலில் சின்னப் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் ஒரு முயலை அடைத்து வைப்பது பாவம். பஞ்சுப் பொம்மை முயலைக் கைக்குள் உயிர் இருப்பதுபோல ஆட்டிக் காட்டத் தெரிந்தவர் இருக்கிறார். குழந்தைகள் அதைத்தான் சுற்றிக்கொள்வார்கள், தொடவும் செய்யலாம்.

கம்பெனி ஆண்டு விழாவுங்க. பாதிப் பேர் பீகார், ஒடிசா ஆளுக. தமிழ்ல பேசுனா புரியாதே?

பேச்சில்லாமல் இசையோடு செய்யும் ஷோ கேளுங்கள். பறவையாய் மாறும் கைநிழல், பெருகிக்கொண்டே போகும் பந்துகள், நிறம் மாறும் துணி, வளையம், இல்யூஷன் எதற்கும் மொழி தேவையில்லை. இந்தியில் நான்கு வாக்கியம் பேசத் தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவர் மேடையில் இருந்தால், அந்தத் தொழிலாளர்களில் ஒருவரையும் மேலே கூப்பிடலாம். நம்ம ஆள் மேடையில் நிற்கிறான் என்றதும் கூட்டம் எழுப்பும் சத்தமே வேறு.

நேரம்: பேச்சுக்கள் முடிந்த பிறகு, பரிசுக்கும் குலுக்கலுக்கும் முன்னால். பரிசு கொடுத்து முடித்ததும் ஆட்கள் கம்பெனி பஸ்ஸைப் பார்க்கப் போய்விடுவார்கள். சாப்பாட்டுக் கூடம் ஷோ முடியும் வரை திறக்கக் கூடாது; வாசனை வந்துவிட்டால் பின் வரிசை காலியாகும்.

கோவை கொடிசியா வளாகத்துல நடக்கற கண்காட்சியில ஸ்டால் போடறோம். மேஜிக் வெச்சா கூட்டம் வருமுங்களா?

வரும். ஆனால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும் கூட்டமா, விசாரிக்கும் கூட்டமா என்பது நீங்கள் தரும் தகவலைப் பொறுத்தது. உங்கள் பம்ப்போ மோட்டாரோ எதில் மற்றதைவிட மேல் என்பதை இரண்டே விஷயமாக எழுதி இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். அதை வித்தையோடு சேர்த்து ஐந்து முதல் ஏழு நிமிட நிகழ்ச்சியாகக் கலைஞர் அமைப்பார். முடிந்த நொடியில் உங்கள் ஆள் கையில் விவரத் தாளோடு கூட்டத்துக்குள் நிற்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கலைஞருக்கு ஓய்வு கொடுங்கள். நடைபாதையை அடைத்துக் கூட்டம் நின்றால் பக்கத்து ஸ்டால்காரர் சண்டைக்கு வருவார், அதனால் ஸ்டாலின் உள் மூலையில் நிறுத்துங்கள்.

காலிப் பெட்டியிலிருந்து புதுப் பொருளை வரவழைக்க வேண்டும் என்றால் அதன் நீளம், அகலம், உயரம், எடை நான்கும் மூன்று வாரம் முன்பே வேண்டும். முதலாளியையே வரவழைக்க ஆசைப்பட்டால் அவரும் இரண்டு மணி நேரம் ஒத்திகைக்கு வர வேண்டும். ஒத்திகைக்கு நேரமில்லை என்கிற முதலாளிக்கு அந்த வித்தை வேண்டாம்.

மனசுல நெனைக்கறதைச் சொல்றவரைக் கூப்புட்டா, எல்லாரும் ஜாதகம் கேக்க ஆரமிச்சுடுவாங்களோ?

கேட்பார்கள். "எம் பொண்ணுக்கு எப்பத் தம்பி கல்யாணம் ஆகும்?" என்று உண்மையான கவலையோடு வருபவர்களும் அதில் இருப்பார்கள். இது கலை, குறி சொல்வது அல்ல என்று தொடக்கத்திலேயே மேடையில் சொல்லச் சொல்லுங்கள். ஷோ முடிந்து தனியாகக் கூப்பிட்டுப் பலன் சொல்பவர், தாயத்து, கல் மோதிரம் விற்பவர் என்றால் அவரை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கக் கூடாது. கம்பெனி நிகழ்ச்சியில் செல்போன் லாக் எண், ஏடிஎம் எண்ணைக் கண்டுபிடித்து மைக்கில் சொல்லும் வித்தையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கைதட்டல் கிடைக்கும், அந்த ஆள் மறுநாள் எண்ணை மாற்ற அலைவார்.

எங்க போட்டோகிராபர் லைவ் போடறாருங்க. அதுல பிரச்சினை வருமா?

வரும். மண்டப விதிபோலவே கேமராவுக்கும் 45 பாகை கணக்குத்தான். மேடைப் பின்புறம் நின்று எடுப்பதும் ட்ரோன் மேலே பறப்பதும் ஷோ நேரத்தில் கூடாது. கலைஞரும் வீடியோக்காரரும் ஷோவுக்கு முன் இரண்டு நிமிடம் பேசிக்கொண்டால் போதும். அதேபோல, உங்கள் வீட்டுக் குழந்தைகள் இருக்கும் காட்சியைக் கலைஞர் தன் பக்கத்தில் போடலாமா வேண்டாமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு குடுக்கறது? எழுதி வாங்கோணுமா?

பெரும்பாலும் கால் பங்கிலிருந்து பாதி வரை கேட்பார்கள். ஸ்டாம்ப் பேப்பர் எல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும். தேதி, மண்டபம், கலைஞர் வந்து சேர வேண்டிய நேரம், ஷோ தொடங்கும் நேரம், எத்தனை நிமிடம், யார் வருகிறார். மொத்தத் தொகை, கொடுத்தது, மீதி எப்போது. வண்டி, மைக், சாப்பாடு, இரவு தங்க அறை யார் பொறுப்பு. நெருப்பு, விலங்கு உண்டா இல்லையா. தாமதமானால் என்ன செய்வது. இதற்கு அவர் "சரிங்க" என்று பதில் போட்டால் முடிந்தது. "யார் வருகிறார்" என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு நிகழ்ச்சி பிடித்துக்கொண்டு, உங்களுக்கு வேறு ஆளை அனுப்புவது நடக்கிறது.

கம்பெனிக்கு ஜிஎஸ்டி பில் வேண்டும் என்றால் முதலிலேயே கேளுங்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குக் கீழ் உள்ள கலைஞர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி போட்டு வசூலிக்கவும் முடியாது. வருமான வரிப் பிடித்தம் உண்டா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு, பிடித்த பிறகு கைக்கு எவ்வளவு வரும் என்று கலைஞரிடம் முன்பே சொல்லிவிட்டால் கடைசி நாள் வருத்தம் இல்லை.

வீட்டுல துக்கம் ஆயிருச்சு, தேதி தள்ளிப் போகுதுன்னா அட்வான்ஸ் போச்சுங்களா?

நல்ல கலைஞர்கள் அதே பணத்தை வேறு தேதிக்கு மாற்றிக் கொடுப்பார்கள், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். ஆனால் அது அவரவர் நல்ல மனசைப் பொறுத்தது. மேலே சொன்ன செய்தியில் இந்த ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். முகூர்த்த நாளில் அவர் உங்களுக்காக வேறு இரண்டு பேரை மறுத்திருப்பார் என்பதையும் யோசித்துப் பேசுங்கள்.

நடுவுல ஒருத்தர் எந்திரிச்சு "அது எனக்குத் தெரியும், கைக்குள்ள வெச்சிருக்கான்"னு கத்துனா?

பையனாக இருந்தால் கலைஞரே சமாளிப்பார். மேடைக்குக் கூப்பிட்டு உதவியாளர் ஆக்கிவிடுவார். தண்ணி போட்ட மாமாவாக இருந்தால் அது வீட்டார் வேலை. பங்காளிகளில் ஒருவர் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போக வேண்டும். ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கலைஞரை வற்புறுத்த வேண்டாம், அது அவருக்குச் சோறு போடும் தொழில். குழந்தைகளுக்குக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் எளிய இரண்டு வித்தைகளைச் சொல்லித் தரும் அரை மணி வகுப்பு தனியாகக் கேளுங்கள், சிலர் செய்கிறார்கள்.

ஷோ சரியா அமையலைன்னா மீதிப் பணம் குடுக்கோணுமுங்களா?

எதனால் சரியில்லை என்று பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை, 45 நிமிடம் பேசி 20 நிமிடத்தில் முடித்தார், வேறு ஆளை அனுப்பினார், கூடாது என்று சொன்ன வித்தையைச் செய்தார் என்றால் அன்றைக்கே, மற்றவர்கள் இல்லாத இடத்தில் கூப்பிட்டுப் பேசித் தொகையைக் குறைக்கலாம். கையில் வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. வரவேற்பு வரிசை நீண்டு ஷோ பத்து மணிக்குத் தள்ளிப் போனது, நடுவில் முக்கிய விருந்தாளி வந்து மைக்கை வாங்கிக்கொண்டார், அந்த நேரம் பார்த்துப் பந்தி திறந்தது என்றால் அவருக்குப் பேசியதை முழுதாகக் கொடுங்கள். சாப்பிட வைத்து அனுப்புங்கள். இரவு பதினொன்றரைக்கு மேல் சாமானை ஏற்றிக்கொண்டு போகிறவர் வழியில் கடை தேட வேண்டியிருக்கும்.